விடுபட்ட அம்புக்குறி: உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும், மறுபதிப்புக்குத் திருத்தம் பார்ப்போருக்கும், படம் வரையும் ஓவியர்களுக்கும்,

வணக்கம்.

கடலின் உணவுச்சங்கிலி என்று நீங்கள் அச்சிடும் படம் எனக்கு மனப்பாடம். மேலே ஒரு மூலையில் சூரியன். அதன் கீழே பச்சைப் புள்ளிகள். பக்கத்தில் 'மிதவைத் தாவரங்கள் – உற்பத்தியாளர்கள்' என்ற எழுத்து. அங்கிருந்து ஓர் அம்பு விலங்கு மிதவை உயிரிகளுக்கு, அடுத்தது சிறுமீனுக்கு, அதற்கடுத்தது பெருமீனுக்கு. பாக்டீரியாவுக்கு இடம் படத்தின் அடியில், சேற்றோடு சேறாக. பெயர் 'சிதைப்பவை'. எல்லாரும் செத்த பிறகு வந்து கூட்டிப் பெருக்குகிறவர்கள்.

படத்துக்கு அருகில் ஒரு வாக்கியமும் இருக்கும். மிதவைத் தாவரங்கள் தமக்குத் தேவையான அனைத்தையும் சூரிய ஒளி, நீர், கரியமில வாயு, கனிம உப்புகள் ஆகியவற்றைக் கொண்டு தாமே தயாரித்துக்கொள்கின்றன, எனவே அவை தற்சார்பு உயிரிகள் என்று. சொற்கள் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும், கருத்து மாறாது. இந்த மடல் அந்த வாக்கியத்தில் உள்ள 'அனைத்தையும்' என்ற ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் தவறு. சிறு தவறு என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல.

நுண்பாசி வளர்ப்பது என் தொழில். கடலில் மிதக்கிறவற்றைக் கண்ணாடிக் குடுவையில், விளக்கு வெளிச்சத்தில், கரையிலேயே உயிரோடு வைத்திருக்கும் வேலை. இந்த வேலை பார்ப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் 'எஃப்/2' என்றால் புரிந்துகொள்வார்கள். 1962-இல் ராபர்ட் கில்லார்டும் ஜான் ரைதரும் எழுதிய 'எஃப்' என்ற வளர்ப்புக் கரைசலைப் பாதியாகக் குறைத்தது அது. கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், டயாட்டமாக (சிலிக்கா ஓடு கொண்ட ஒருசெல் பாசி) இருந்தால் சிலிக்கேட், பிறகு இரும்பு முதலான உலோகங்கள் துளித்துளியாக. எல்லாவற்றையும் வேகவைத்துக் கிருமி நீக்கி ஆறவைத்த பிறகு, கடைசியாக, நுண்வடிகட்டி வழியே மூன்று வைட்டமின்கள்: தயமின் என்ற பி1, பயோட்டின் என்ற பி7, கோபாலமின் என்ற பி12. முதல் இரண்டும் வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும். மூன்றாவது சிவப்பு. லிட்டருக்கு அரை மைக்ரோகிராம்தான் போகும். குடுவைக்குள் விழுந்த கணமே அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒருமுறை எங்கள் அறையில் பி12 தீர்ந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர், அரை மைக்ரோகிராம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று, அது இல்லாமலேயே கரைசல் தயாரிக்கலாமா எனக் கேட்டார். நானும் வேறு வேலையில் இருந்தபடி தலையாட்டிவிட்டேன். வளர்த்தது தலாசியோசிரா சூடோநானா என்ற டயாட்டம். முதல் குடுவை வழக்கம்போல் சில நாளில் தேன் நிறத்துக்கு வந்தது. செல்கள் உள்ளே சேர்த்துவைத்திருந்த பி12 அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதிலிருந்து சில சொட்டுகளை அடுத்த குடுவைக்கு மாற்றினோம், சற்று மந்தம். மூன்றாவது குடுவை வெளுத்த தண்ணீராகவே நின்றுவிட்டது. வெளிச்சம் சரி, வெப்பம் சரி, நைட்ரேட் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு நாள் விளக்கைக் குற்றம் சொன்னோம், அடுத்த இரண்டு நாள் தண்ணீரைக் குற்றம் சொன்னோம்.

அதே அலமாரியின் கீழ்த்தட்டில் அதே டயாட்டம் இன்னொரு குடுவையில் இருந்தது. பாக்டீரியா கலந்துவிட்டது என்று ஒதுக்கி, கொட்டிவிட மனமில்லாமல் விட்டுவைத்த குடுவை. அதற்கும் பி12 இல்லாத அதே கரைசலைத்தான் ஊற்றியிருந்தோம். மூன்று முறை மாற்றிய பிறகும் அது தேன் நிறத்தில் ததும்பிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வட்ட டப்பா போன்ற டயாட்டம் செல்கள். அவற்றின் இடையிடையே தூசுபோல் புள்ளிகள், சில துள்ளிக்கொண்டு, சில சும்மா மிதந்துகொண்டு. சுத்தமான குடுவையில் பட்டினி, அழுக்கான குடுவையில் செழிப்பு. உங்கள் படத்தில் சேற்றில் கிடப்பவர்கள்தான் அன்று உற்பத்தியாளருக்குப் படியளந்தவர்கள்.

அந்தப் பட்டினியின் காரணம் ஒரு நொதியில் இருக்கிறது. மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் இல்லாமல் டயாட்டம் ஒரு புரதத்தைக்கூடக் கட்டத் தொடங்க முடியாது. அதைத் தயாரிக்கும் கடைசிப் படிக்கு இயற்கையில் இரண்டு நொதிகள் உண்டு. மெட்-எச் என்பது வேகமானது. ஆனால் பி12 கூட இருந்தால்தான் கையை அசைக்கும். மெட்-ஈ என்பதற்கு பி12 வேண்டாம். ஆனால் அது சோம்பேறி, அதனால் செல் அதை ஏராளமாகச் செய்து குவிக்க வேண்டியிருக்கும். தலாசியோசிரா சூடோநானாவிடம் இருப்பது மெட்-எச் மட்டும். ஃபியோடாக்டைலம் ட்ரைகார்னூட்டம் என்ற மற்றொரு டயாட்டத்திடம் இரண்டும் உண்டு. பி12 கிடைக்கும் நாளில் ஒன்றையும் கிடைக்காத நாளில் மற்றதையும் வைத்துக் காலத்தை ஓட்டிவிடும்.

தரையில் வளரும் செடிகொடிகள் வேறு வழியில் போயின. புல்லிலிருந்து பெருமரம் வரை அவை மெட்-எச்சைக் கைவிட்டு மெட்-ஈயோடு நின்றுவிட்டன. பி12-ஐத் தயாரிப்பதும் இல்லை, அது வேண்டும் என்று கேட்பதும் இல்லை. உங்கள் படம் எங்கிருந்து வந்தது என்பது இங்கே எனக்குப் புரிகிறது. வயலைப் பார்த்து நீங்கள் கடலை வரைந்திருக்கிறீர்கள். சூரியன், பயிர், உரம்; பயிருக்குப் பதில் பச்சைப் புள்ளி. தரையில் சரியாக இருந்த வாக்கியம் தண்ணீரில் இறக்கியதும் கவிழ்ந்துவிட்டது.

எத்தனை பாசிகள் இப்படி என்று கேட்பீர்கள். 2005-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலிசன் ஸ்மித்தின் குழு, அதுவரை ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டிருந்த பாசி இனங்களைக் கணக்கெடுத்தது. 326 இனங்களில் 171 இனங்களுக்கு பி12 வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பாதிக்கு மேல். அடுத்த ஆண்டின் கணக்கில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான இனங்களுக்குத் தயமினும், இருபதில் ஒன்றுக்குப் பயோட்டினும் வெளியிலிருந்து தேவை என்று தெரிந்தது. ஆய்வகத்தில் வளர ஒப்புக்கொண்ட இனங்களின் கணக்குதான் இது; கடலின் முழுக் கணக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதித்தவற்றில் பாதிக்கு மேல் பொருந்தாத ஒன்றை 'அனைத்தையும்' என்று எழுதுவது எந்த அளவுகோலில் சரி?

வெளியிலிருந்து என்றால் எங்கிருந்து? பி12-ஐ முதலிலிருந்து கட்டத் தெரிந்தவை சில பாக்டீரியாக்களும், அவற்றைப் போலவே நுண்ணியவையான, ஆனால் தனி வம்சமான ஆர்க்கியாக்களில் சிலவும் மட்டுமே. விலங்கு, தாவரம், பூஞ்சை, பாசி என எந்தக் கூட்டத்துக்கும் அந்த வித்தை தெரியாது. தெரியாததில் வியப்பில்லை. நடுவில் ஒரு கோபால்ட் அணு, அதைச் சுற்றி வளையம், மேலும் கீழும் தொங்கல்கள். கட்டி முடிக்க ஏறத்தாழ முப்பது நொதிப் படிகள். 1948-இல் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருளின் அமைப்பை டோரத்தி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு 1956 வாக்கில் வெளிக்கொண்டுவந்தார். 1964-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ராபர்ட் உட்வர்டும் ஆல்பர்ட் எஷன்மோசரும், ஏறத்தாழ நூறு வேதியியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1972-இல் அதை ஆய்வகத்தில் கட்டினார்கள். நூறு பேர் சேர்ந்து செய்த வேலையை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள ஒரு பாக்டீரியா பேச்சில்லாமல் செய்துவிட்டுப் போகிறது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'சிதைப்பவை'.

பாக்டீரியா எல்லாமே கொடுப்பவை என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏறத்தாழ 11,000 பாக்டீரியா மரபுத்தொகுதிகளை (ஓர் உயிரின் டி.என்.ஏ முழுவதும்) ஆராய்ந்த ஒரு குழு 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, 86 விழுக்காட்டிடம் பி12 வகைச் சேர்மங்களைப் பயன்படுத்தும் நொதிகள் இருந்தன. முதலிலிருந்து தயாரிக்க முடிந்தவை 37 விழுக்காடுதான். கடலுக்கு வெளியே வாழ்பவற்றையும் சேர்த்த கணக்கு இது. சமைப்பவர் சிலர், பந்தியில் பலர்.

அளவு மிகவும் குறைவு, அதனால் பாடத்தில் சேர்க்கத் தகுந்ததல்ல என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். என்னோடு வேலை செய்த இளைஞரும் அதைத்தான் நினைத்தார். கணக்குப் பார்ப்போம். கடல்நீரில் பி12 இருப்பது பிக்கோமோலார் அளவில். ஒரு பிக்கோமோலார் என்றால் லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கும் அதன்மேல் கொஞ்சமும். அந்தச் செறிவில் ஒரு கிராம் பி12-ஐச் சேர்க்க, ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் ஏறத்தாழ முந்நூறை இறைத்து வடிகட்ட வேண்டும். எங்கள் எஃப்/2 கரைசலில் இருப்பது இதைப் போல் ஏறத்தாழ 370 மடங்கு. அதனால்தான் குடுவையில் வளர்த்துப் பழகிய எங்களுக்கே இந்தப் பஞ்சம் கண்ணில் படுவதில்லை. சிவப்புப் புட்டி தீர்ந்துபோகும் வரை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஒரு பிக்கோமோலார் கடல்நீரின் ஒரு மில்லிலிட்டரில் அறுபது கோடி பி12 மூலக்கூறுகள் இருக்கும். நமக்குச் சிறியது என்பது அவற்றுக்குச் சிறியது ஆகாது. சார்11 என்ற பாக்டீரியாக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்கசோ கடல் நீரில் அதன் மரபணுத் தடயம் கண்டுபிடிக்கப்பட்டு 1990-இல் அறிவிக்கப்பட்டது. உலகக் கடல்களில் மிக அதிகமாக இருக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று. அதில் பெலாஜிபாக்டர் யூபிக் என்ற வகைக்கு மரபுத்தொகுதி வெறும் பதின்மூன்று லட்சம் எழுத்துகள்தான். தேவையில்லாததை எல்லாம் வழியிலேயே தூக்கி எறிந்துவிட்ட பயணி. எறிந்தவற்றில் தயமினின் ஒரு பாதியைச் செய்யும் மரபணுவும் போய்விட்டது. தயமின் மூலக்கூறு இரண்டு துண்டுகளின் இணைப்பு. ஒரு துண்டைப் பெலாஜிபாக்டர் செய்துகொள்ளும். பிரிமிடின் துண்டு வெளியிலிருந்து வர வேண்டும். முழுத் தயமினைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளாது! அந்தத் துண்டைத்தான் கேட்கும். 2014-இல் வெளியான ஆய்வில், ஒரு செல்லுக்கு எவ்வளவு துண்டு தேவை என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 400 மூலக்கூறுகள். நானூறு! விரல்விட்டு எண்ணிக் கொடுத்துவிடலாம் போன்ற ஓர் எண்ணிக்கை. அது கிடைக்காவிட்டால் கடலின் மிகப் பெருங்கூட்டம் வளராது. அந்தத் துண்டைக் கடல்நீரில் கசியவிடுபவற்றில் பாசிகளும் உண்டு, ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பசும்பாக்டீரியாக்களும் உண்டு. அதாவது பி12 பாக்டீரியாவிலிருந்து பாசிக்குப் போகிறது. தயமின் துண்டு பாசியிலிருந்து பாக்டீரியாவுக்கு வருகிறது. உங்கள் படத்தில் இந்த இரண்டு அம்புகளும் இல்லை.

ஏன் இப்படித் தங்கள் கைத்தொழிலைக் கைவிட்டுவிட்டு அடுத்தவரை நம்பி நிற்கின்றன என்பதற்கு 2012-இல் ஒரு விளக்கம் வந்தது. சீட்டாட்டத்தில் ஹார்ட்ஸ் என்று ஒன்று உண்டு. கறுப்பு ராணி யார் கையில் தங்குகிறதோ அவர் தலையில் புள்ளிகள் ஏறும். எல்லாருக்கும் வேண்டிய ஒரு வேலையை யாராவது ஒருவர் செய்துகொண்டிருந்து, அதன் பலன் வெளியே கசிந்தால், மற்றவர்கள் அந்த மரபணுவை மெல்ல இறக்கி வைத்துவிடுவார்கள். ராணி கடைசியில் இருக்கிறவர் கையில் மாட்டிக்கொள்ளும். கதைபோல் இருக்கிறது என்று நான் முதலில் நம்பவில்லை. 2015-இல் கிளாமிடோமோனாஸ் என்ற நன்னீர்ப் பாசியை வைத்து ஒரு பரிசோதனை முடிவு வந்தது. அது மெட்-ஈ உள்ள, பி12 தேவையில்லாத பாசி. பி12 தாராளமாக இருக்கும் கரைசலில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். 500 தலைமுறைக்குள், மெட்-ஈ மரபணு உடைந்த, பி12 இல்லாவிட்டால் செத்துப்போகும் வகை ஒன்று தோன்றியது. தாராளம் பழகிவிட்டால் தற்சார்பு எவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது என்பதை அந்தக் குடுவைக்குள் பார்த்தார்கள். பாடநூலில் வைக்க இதைவிட நல்ல பரிணாம எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பி12 விஷயத்தில் ஒரு போலியும் உண்டு. கடலில் பரந்து கிடக்கும் சைனகோகாக்கஸ் என்ற நீலப்பசும்பாக்டீரியா தயாரிப்பது அசல் பி12 அல்ல. கோபால்ட்டுக்குக் கீழே தொங்கும் துண்டுக்குப் பதிலாக அடினைன் என்ற வேறொரு துண்டை மாட்டிய 'சூடோகோபாலமின்'. அதற்கு அது பொருந்தும். பெரும்பாலான பாசிகளுக்குப் பொருந்தாது; பூட்டுக்குள் போகும், திருகாது. சரியான துண்டு கிடைத்தால் போலியைக் கழற்றி மாட்டி அசலாக்கிக்கொள்ளும் கைவினைஞர்களும் பாசிகளில் சிலர் உண்டு. அசலைத் தயாரிப்பவற்றில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றி வாழும் ஆர்க்கியாக்கள் முக்கியமானவை என்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெரியவந்தது. எனவே நீரில் மொத்தம் எவ்வளவு பி12 இருக்கிறது என்ற எண் மட்டும் போதாது. எது அசல், எது போலி என்றும் பிரித்து அளக்க வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் நேற்றைய செய்தி, பாடநூலுக்கு வரக் காலம் ஆகும் என்று நீங்கள் சொல்ல வழியில்லை. லூயிஜி ப்ரோவசோலி போன்றவர்கள் பாசிகளுக்கு வைட்டமின் தேவை என்று 1950-களிலேயே காட்டிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் மில்போர்ட்டில் மைக்கேல் ட்ரூப் ஒரு சிறு கடற்பாசியை பி12-ஐ அளந்து அளந்து ஊட்டி வளர்த்தார். பாசியின் வளர்ச்சி வெளியே நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, செல் தன் மடியில் எவ்வளவு சேர்த்துவைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று கண்டு, 1968-இல் அதைச் சமன்பாடாக எழுதினார். எங்கள் முதல் குடுவை ஏன் ஏமாற்றியது என்பதற்கான விடையும் அதுதான். இன்று பாசி வளர்ச்சியைக் கணிக்கும் மாதிரிகளில் ட்ரூப் சமன்பாடு அன்றாடப் பொருள். நைட்ரஜனுக்குப் போடுகிறார்கள், பாஸ்பரசுக்குப் போடுகிறார்கள், இரும்புக்குப் போடுகிறார்கள். அது பிறந்தது பி12-இல் என்பதைச் சொல்வோர் குறைவு. உயர்வகுப்பு நூல்களில் சமன்பாட்டை அச்சிடும்போது பக்கத்தில் அரை வரி சேர்த்தால் தாள் தீர்ந்துவிடாது.

குடுவையில் நடப்பது கடலில் நடக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. அண்டார்டிகாவின் ராஸ் கடலில் நீரை அள்ளிப் புட்டிகளில் வைத்து, இரும்பு மட்டும் சேர்த்தும் இரும்போடு பி12 சேர்த்தும் பார்த்த பரிசோதனை 2007-இல் வெளியானது. பி12-உம் சேர்ந்த இடத்தில் பாசிகள் கூடுதலாகப் பெருகின. தென் அட்லாண்டிக்கில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் நைட்ரஜனும் இரும்பும் சேர்ந்து வந்தால்தான் பாசிகள் எழுந்தன. அதற்கு மேல் கோபால்ட்டோ பி12-ஓ வந்தபோது இன்னும் எழுந்தன. கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா கரைகளுக்கு அப்பால் நீரில் பி வைட்டமின்களை நேரடியாக அளந்து 2012-இல் வெளியான ஆய்வில், அவை அளவுகோலுக்கே எட்டாத அளவுக்கு வற்றிய பரந்த பகுதிகள் தெரிந்தன. நச்சுப் பெருக்கம் உண்டாக்கும் பாசி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு பி1-உம் பி12-உம் வெளியிலிருந்து தேவை என்பதும் 2010-லேயே சோதித்துச் சொல்லப்பட்டுவிட்டது. கடல் ஏன் திடீரென்று சிவக்கிறது என்று எழுதும் பத்தியில் உரக் கழிவு, வெப்பம் ஆகியவற்றோடு அதற்கும் இடம் வேண்டும்.

விலங்குகளால் தயமினைத் தயாரிக்க முடியாது. அது உணவுச்சங்கிலி வழியேதான் மேலேறியாக வேண்டும். பால்டிக் கடலின் சால்மன் மீன்களில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் சாகும் நோய் ஒன்று 1974-இல் கண்டறியப்பட்டது. எம்74 என்றே பெயர். தயமின் கரைசலில் குளிப்பாட்டினால் குஞ்சுகள் பிழைத்துக்கொள்கின்றன. தாய்மீன் தின்ற கொழுப்பு மிகுந்த இரைக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். எல்லாப் பழியையும் நுண்ணுயிர்கள்மேல் போட நான் வரவில்லை. ஆனால் உங்கள் படத்தின் அம்புகள் கொண்டுசெல்வதாக நீங்கள் எழுதுவது ஆற்றல் ஒன்றைத்தான். அதே அம்புகளில் வைட்டமினும் பயணம் செய்கிறது.

உங்கள் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். இது கொடுக்கல் வாங்கலா, சிந்தியதைப் பொறுக்குவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2005 ஆய்வு இதைக் கூட்டுவாழ்வு என்றது. அதை மறுத்து 2007-இல் எழுதியவர், வேறு யாருமல்ல, அதே ட்ரூப். நீரில் கரைந்து கிடப்பதே பாசிகளுக்குப் போதும், பக்கத்தில் நின்று ஊட்டும் பாக்டீரியா தேவையில்லை என்பது அவர் வாதம். ருஜீரியா பொமராய் என்ற கடல் பாக்டீரியாவையும் நம்முடைய அதே தலாசியோசிராவையும் ஒன்றாக வளர்த்த 2015 ஆய்வில் பாக்டீரியா பி12 தருகிறது, டயாட்டம் கந்தகம் கலந்த ஒரு கரிமச் சேர்மத்தைத் தருகிறது. அதைப் பார்த்தால் பண்டமாற்று போலத்தான் இருக்கிறது. திறந்த கடலில், செத்த செல்களும் வைரஸ் உடைத்த செல்களும் சிந்தியவற்றைப் பொறுக்கி வாழ்வதும் பெருமளவில் நடக்கும் என்பது என் எண்ணம். இரண்டில் எது உண்மையானாலும் 'அனைத்தையும் தாமே' என்ற வாக்கியம் தப்பிக்காது.

மாணவர்கள் குழம்பிவிடுவார்கள் என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். குழப்பம் இப்போதே உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஊட்டச்சத்து அத்தியாயத்தில் வைட்டமின் அட்டவணை: பி1 குறைந்தால் பெரிபெரி, பி12 குறைந்தால் இரத்தசோகை. சூழலியல் அத்தியாயத்தில் கடல். இரண்டுக்கும் நடுவே அரைப் புத்தகம். வைட்டமின் என்பது மனிதர்களின் மாத்திரை என்று படித்து வளர்ந்த பிள்ளை, ஒரு டயாட்டத்துக்கும் அதே பி12 வேண்டும், அதே காரணத்துக்காக, அதே மெட்-எச் நொதிக்காக வேண்டும் என்று அறிந்தால் குழம்பாது. கண்ணை அகல விரிக்கும். நம் உடம்பிலும் மெத்தியோனைனைத் தயாரிப்பது மெட்-எச்சின் உறவுதான். 1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்று பெயர் வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது மனித நோய்கள். தமிழில் உயிர்ச்சத்து என்று சொன்னவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அதைவிடப் பரந்த பெயரை வைத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய திருத்தம் அல்ல. தற்சார்பு என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லவில்லை. கரிமத்தைப் பொறுத்தவரை அது சரியான சொல். வாக்கியத்தை இப்படி மாற்றினால் போதும்: "மிதவைத் தாவரங்கள் தமக்குத் தேவையான கரிம உணவை ஒளிச்சேர்க்கையால் தாமே தயாரிக்கின்றன, ஆனால் அவற்றில் பலவற்றுக்கு பி12 முதலிய உயிர்ச்சத்துகள் பாக்டீரியா, ஆர்க்கியா ஆகியவற்றிடமிருந்து கிடைத்தாக வேண்டும்." 'சிதைப்பவை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'உயிர்ச்சத்து தயாரிப்பவை' என்று இரண்டு சொற்கள். செய்முறைப் பகுதியில் இடம் இருந்தால் இரண்டு குடுவைகள், ஒன்றில் சிவப்புச் சொட்டு, மற்றதில் இல்லை. மூன்று முறை மாற்றும் வரை பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், முதல் குடுவையைப் பார்த்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

ஓவியர்களுக்குத் தனியாக ஒரு வரி. பாக்டீரியாவைச் சேற்றிலிருந்து எடுத்து, பச்சைப் புள்ளிகளுக்கு நடுவிலேயே தூவுங்கள். அவை வாழ்வது அங்கேயும்தான். அவற்றிலிருந்து பச்சைப் புள்ளிக்கு ஓர் அம்பு. மற்ற அம்புகளைவிட மெல்லியதாக இருக்கட்டும், அளவு அப்படி. நிறத்தைச் சிவப்பாக வைத்துவிடுங்கள், புட்டியில் நான் பார்க்கும் நிறம் அதுதான்.

இப்படிக்கு,
நுண்பாசி வளர்ப்பவன் ஒருவன்